ஊர் வராத வாக்குச்சாவடியில் ஒரு பகல்

1. ஏழு மணி

காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது என்று ஜோனல் ஆபீசருக்குப் போனில் சொன்னேன். தொடங்கியது என்னவோ உண்மைதான். மெஷின் தயார், மை தயார், நாங்களும் தலைசீவி, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓட்டுப் போடத்தான் ஆள் இல்லை.

"கூட்டம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"அமைதியா இருக்கு சார்."

"அமைதியான்னா?"

"எங்களத் தவிர யாருமே இல்ல சார்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பர்சன்டேஜ் சொல்லணும், ஞாபகம் இருக்கா?" என்றார். சைபருக்குப் பர்சன்டேஜ் போட எனக்குத் தெரியும் சார் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் அரசு பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தவரை எந்தத் தேர்தலும் என்னை விட்டுவைத்ததில்லை. விரலில் மை வைக்கும் ஆளாகத் தொடங்கி, பிரிசைடிங் ஆபீசர், அதாவது ஒரு பூத்துக்கு முழுப் பொறுப்பான ஆள், என்ற இடம் வரை வந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது அரசு வேலையில் இருக்கிறார்கள். தேர்தல் டியூட்டி ஆர்டர் கைக்கு வந்ததும் முதல் போன் எனக்குத்தான். "மேடம், இதை எப்படிக் கேன்சல் பண்றது?" அந்த வித்தை தெரிந்திருந்தால் நானே பண்ணியிருக்க மாட்டேனா? அதற்குப் பதிலாக இந்த ஒரு பூத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அது நாடாளுமன்றத் தேர்தல். பூத் இருந்த ஊர் திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு பெண்ணுக்குச் சங்கடம்.

முன்பு அங்கே ரயில்வே கேட் இருந்திருக்கிறது. கேட்டை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர். மழை பெய்யாவிட்டால் ஊற்றுத் தண்ணீர், முழங்கால் வரை. ஊருக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் தோட்டம். தக்காளியும் பூவும் அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். மனுக் கொடுத்து அலுத்துப்போன ஜனங்கள், ரயில் டெல்லிக்காரன் சமாச்சாரம், அதனால் டெல்லித் தேர்தலில் ஓட்டுப் போட மாட்டோம் என்று கட்சி பேதம் இல்லாமல் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். முந்தின நாள் தாசில்தார் சமாதானம் பேச வந்திருக்கிறார். அவர் ஜீப்பே சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்றுபோய், ஊர்க்காரர்கள்தான் தள்ளி அனுப்பி வைத்தார்களாம். அதற்கு மேல் அவரால் என்ன சமாதானம் பேச முடியும்?

பூத் ஏஜெண்டுகள்கூட வரவில்லை. விடியற்காலையில் மாக் போல், அதாவது மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒத்திகை ஓட்டை, நாங்களே எங்களுக்குள் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்து, சீல் வைத்தோம். ஒத்திகைக்கு இருந்த சத்தம் கூட அதற்குப் பிறகு இல்லை.

2. சாப்பாடு

எட்டரை மணி இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய மனிதர் தூக்குவாளியோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். ஓட்டுத்தான் போட வந்துவிட்டாரோ என்று நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"இட்லி இருக்கு. சாம்பார் இருக்கு. மத்தியானத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்கச் சொல்லட்டும்?" என்றார்.

அவர் பெயர் முத்தையா. ஊரில் ஒரு பெரிய கட்சியின் கிளைச் செயலாளர். புறக்கணிப்புக்கும் அவர்தான் முன்னால் நிற்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"அய்யா, நாங்க யார்கிட்டயும் சாப்பாடு வாங்கக் கூடாது" என்றேன்.

"ஏன் தாயி? ஓட்டுப் போடுற ஊர்ல வாங்கினாத்தான தப்பு? நாங்கதான் போடவே இல்லயே. எங்க கோவம் ரயிலு மேல. ஒங்க வயிறு என்ன பண்ணுச்சு?"

விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் இருக்குமா என்று யோசித்தேன். அதற்குள் எங்கள் பழனிச்சாமி எழுந்து போய்த் தூக்குவாளியை வாங்கிவிட்டார். சத்துணவுக் கூடத்தில் சமைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நானும் மனதைத் தேற்றிக்கொண்டு சாப்பிட்டேன். சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. நல்ல சாம்பார்.

முத்தையா வாசல் வரை போய்த் திரும்பினார். "வெளிய நம்ம ஆளுக இருக்காக. யாரும் ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டாக. ஆனா யாரும் உள்ளயும் வர மாட்டாக" என்றார். அவர் முகத்தில் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே இருந்தன. ஒரு ஊரே ஒரு பேச்சுக்குக் கட்டுப்படுவது சாதாரணக் காரியமா? எனக்கே அவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

3. வெயில் ஏறிய நேரம்

வேலை இல்லாத பூத்தில் நேரம் நடக்காது, படுத்துக்கொள்ளும். நாங்கள் பேசிப் பேசிப் பேச்சும் தீர்ந்தது.

வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறவள் சகாயராணி. திண்டுக்கல் டவுனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்து ஜெபமாலையும் முறுக்கும் கொண்டு வந்திருந்தாள். மை வைக்கிறவர் பழனிச்சாமி, ஒட்டன்சத்திரத்துக்காரர், நெடுஞ்சாலைத் துறையில் உதவியாளர். ஓட்டு மெஷினின் பொத்தானை அழுத்தித் திறந்துவிடுகிறவள் நித்யா, எரியோடு ஊர்ப் பெண், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். வாசலில் காவலுக்கு ஹமீது, பேகம்பூர்க்காரர்.

"மேடம், நம்ம ஓட்ட எப்பப் போடுறது? இ.டி.சி. கொண்டாந்திருக்கேன்" என்றாள் சகாயராணி.

இ.டி.சி. என்பது தேர்தல் பணிச் சான்று. தன் சொந்தத் தொகுதிக்குள்ளேயே வேலை விழுந்தவர், அந்தத் தாளைக் காட்டி, வேலை பார்க்கிற பூத்திலேயே மற்றவர்களைப் போல மெஷினில் ஓட்டுப் போடலாம்.

"ஊர்க்காரங்க ஒருத்தராவது முதல்ல போடட்டும். நம்ம கடைசியில போட்டுக்கலாம்" என்றேன்.

"எனக்கு அது கூடக் கிடையாது. எரியோடு கரூர்த் தொகுதியில வருது. நான் தபால் ஓட்டு போட்டுட்டேன்" என்றாள் நித்யா.

"பாருங்க மேடம், திண்டுக்கல் பிரியாணியத் தின்னுட்டு கரூருக்கு எம்.பி. அனுப்புறா" என்று சகாயராணி அவளைச் சீண்டினாள்.

பழனிச்சாமி மைக்குப்பியை நிமிர்த்தி வைத்தார். "நானெல்லாம் ஓட்டே போடறதில்லீங்க மேடம். ஊர்ல இருக்கறவிய விரல்லயெல்லாம் மை வெச்சாச்சு. நம்ம விரலாச்சும் சுத்தமா இருக்கட்டுமுங்க."

"இ.டி.சி. வாங்கிட்டு வந்திருக்கீங்களே?" என்றேன்.

"குடுத்தாங்க, வாங்கிட்டனுங்க. குடுக்கறத வேண்டாம்னு சொல்ற பழக்கமில்லீங்க."

அப்புறம் எல்லோரும் அவரவர் நாற்காலியில் அமைதியானார்கள். எனக்குப் பகல்கனவு காணும் வியாதி உண்டு. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுத்தான் என்னைத் திருப்ப வேண்டும். அன்றைக்கு என்னைக் கூப்பிட யாரும் இல்லை. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளுக்காக வரைந்த இந்திய வரைபடம் ஒன்று இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து, வடக்கே சில மாநிலங்கள் காணாமல் போயிருந்தன. கதவுக்கு வெளியே வெயிலில் மைதானம் அசைந்தது. தூரத்தில் மலை இருக்கிறதா, இல்லை வெறும் நீல நிறம்தானா என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் நாடு முழுக்க எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை சின்ன பெஞ்சுகளில், என்னைப் போல எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். பனி பெய்கிற ஊரில் ஒருத்தி, படகில் போய்ச் சேர்ந்த தீவில் ஒருத்தி. எல்லோர் முன்னாலும் இதே மெஷின், இதே ஊதா மை.

கண் எப்போது சொருகியதோ. பூத் முன்னால் பெரிய வரிசை நிற்கிறது. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். தலையில் பூக்கூடை. யாரும் பேசவில்லை, யாரும் அவசரப்படவில்லை. தண்ணீர் மெதுவாக வகுப்பறைக்குள் வருகிறது. என் செருப்பு மிதந்து போகிறது. எனக்குப் பயமே இல்லை. வாங்க, வாங்க என்று எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழனி பக்கம் போகும் ரயில் கடகடவென்று போனது. விழித்துப் பார்த்தால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முழங்கால் வரை சேலை நனைந்து சொட்டுகிறது. கனவின் மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

"ஓட்டுப் போடலாமா தாயி?" என்றாள்.

4. பொன்னுத்தாயி

சகாயராணி பெயரைச் சத்தமாக வாசித்தாள். எழுந்து நின்றே வாசித்தாள். அன்றைக்கு வாசித்த முதல் பெயர் அல்லவா.

"நாந்தான் பொன்னுத்தாயி. நல்லாப் பாருங்க டீச்சர், பேரு இருக்குல்ல? போன தேர்தல்ல வந்தேன். நீ செத்துப்போயிட்டன்னு சொல்லி வெரட்டி விட்டாக. நான் எதுக்க நிக்கிறேன், செத்துப்போயிட்டங்கிறாக. பேரக் கழட்டிட்டாகளாம். அப்புறம் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து, உசுரோட இருக்கேன் உசுரோட இருக்கேன்னு சொல்லிச் சொல்லிப் பேரச் சேத்தேன்" என்றாள்.

"ஊர்ல போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே?" என்றேன். அப்படிக் கேட்பது என் வேலை இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்காக. ஞாயந்தான் சொல்லியிருக்காக. அந்தத் தண்ணிக்குள்ள நானுந்தான் செண்டுமல்லி மூட்டையச் சொமந்துக்கிட்டு நடக்கேன். ஆனா இந்தத் தடவயும் போடலேன்னா மறுபடி கழட்டிருவாகளோன்னு பயமா இருக்கு தாயி. மறுபடி ஒருக்கா சாக எனக்குத் தெம்பு இல்ல."

அப்படியெல்லாம் கழற்ற மாட்டார்கள் என்று சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் நிலைமையில் நானும் நம்பியிருக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டாள். பழனிச்சாமி விரலில் மை வைத்தார். நித்யா மெஷின் பொத்தானில் விரலை வைத்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் மெஷின் ஒரு ஓட்டுக்குத் திறந்துகொள்ளும்.

அப்போதுதான் பொன்னுத்தாயி தணிந்த குரலில் கேட்டாள். "நான் யாருக்குப் போட்டேன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?"

இதைக் கேட்காத வாக்காளர் இல்லை. மெஷினில் அப்படிப் பதிவாகாது, உங்க பேரும் உங்க ஓட்டும் சேரவே சேராது என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம். "யாருக்கும் தெரியாதும்மா" என்று ஆரம்பித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்தையா. தூக்குவாளியைத் திருப்பி வாங்க வந்த சாக்கில் ஜன்னலோரம் வந்து நின்றிருக்கிறார். "ஏத்தா, போடு, போடு. ஊரே போடல. ஒன்னோடது ஒத்த ஓட்டுத்தான. எண்ணும்போது எந்தச் சின்னத்துல ஒண்ணு விழுந்திருக்குன்னு பாத்துக்கிடறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னார். ஹமீது ஓடிவந்து அவரை வெளியே கூட்டிப் போனார்.

அவர் சொன்னது சரி. ஓட்டை எண்ணுவது பூத்வாரியாக. ஒவ்வொரு பூத் மெஷினும் ஏஜெண்டுகள் கண்ணெதிரில் திறக்கப்படும். இந்த மெஷினில் ஒரே ஒரு ஓட்டு இருந்தால், அது யாருடையது என்று கேட்க ஜோசியர் வேண்டாம்.

"அவரு யாரும்மா உங்களுக்கு?"

"கூடப் பொறந்த அண்ணன்." பொன்னுத்தாயி நித்யாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வீட்டுக்காரரு இல்ல தாயி. தோட்டத்துக்குத் தண்ணி அண்ணங் கெணத்துல இருந்துதான் வருது. மகளக் கட்டிக் குடுத்திருக்கது உள்ளூர்லதான். மருமகன் அந்தக் கட்சி. அண்ணன் இந்தக் கட்சி. அண்ணன்கிட்ட ஒனக்குத்தாம்பேன், மருமகன்கிட்ட ஒங்களுக்குத்தாம்பேன். இத்தன வருசமா அப்படித்தான் ஓட்டிக்கிட்டு வாரேன். தெரிஞ்சுச்சுன்னா ஒண்ணு தண்ணி நிக்கும், இல்ல மக கண்ணு கலங்கும்."

"ரெண்டு பேருக்கும் போடலேன்னா?" என்று நித்யா கேட்டாள்.

"அப்ப ரெண்டுமே நடக்கும்" என்றாள் பொன்னுத்தாயி.

"போகட்டுமா? வேணாம்னு எழுதிக்கிறீகளா?" என்று என்னைக் கேட்டாள். அப்படி எழுதவும் வழி இருக்கிறது. ஓட்டளிக்க மறுத்துவிட்டார் என்று ஒரு வரி. கையில் மையோடு, ஓட்டுப் போடாமல் வீட்டுக்குப் போகலாம். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வந்தவள்.

ஓட்டின் ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாரிடமிருந்து காப்பது, எதை வைத்துக் காப்பது? சுற்றிலும் பார்த்தேன். காலியான பெஞ்சுகள். சுவரில் உதிர்ந்த இந்தியா. சகாயராணியின் கைப்பை.

"நித்யா, கையை எடு" என்றேன். "செத்த நேரம் உக்காருங்கம்மா."

பொன்னுத்தாயி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். "இ.டி.சி. வச்சிருக்கவங்க, விருப்பம் இருந்தா, இப்பவே ஓட்டுப் போட்டுக்கலாம்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொல்லவும் இல்லை. எதற்கென்று புரியாத ஆள் அந்த அறையில் யாரும் இல்லை.

5. அட்டைத் தடுப்புக்குப் பின்னால்

முதலில் சகாயராணி எழுந்தாள். அவள் இ.டி.சி.யை நான் வாங்கிச் சரிபார்த்து, பட்டியலின் கடைசியில் அவள் விவரத்தைச் சேர்த்தேன். கையெழுத்து, மை, பொத்தான். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனவள் சீக்கிரம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு பொத்தானை அழுத்த இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். பிறகு மெஷின் நீளமாகக் கத்தியது. அன்றைக்கு அந்த ஊரின் முதல் ஓட்டு.

அடுத்து பொன்னுத்தாயி போய் வந்தாள். சத்தம் கேட்டதும் வெளியே வந்து, "கேட்டுச்சுல்ல?" என்று எங்களையெல்லாம் பார்த்துக் கேட்டாள். கேட்டது என்று எல்லோரும் தலையாட்டினோம். அவள் கண் நிறைந்திருந்தது. உடனே போகாமல் மறுபடி குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஹமீது லத்தியை வாசலில் சாத்திவிட்டு வந்தார். இ.டி.சி.யைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார், போட்டார், லத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலில் நின்றார்.

பழனிச்சாமி மைக்குப்பியின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, ஒங்களுக்குப் பிரியமில்லாட்டி வேணாம்யா" என்றாள் பொன்னுத்தாயி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா." எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க மேடம், எல்லாருக்கும் நான் மை வெச்சுட்டனுங்க. எனக்கு யாருங்க வெக்கறது?" என்று கேட்டார்.

நான்தான் வைத்தேன். குழந்தை மாதிரி விரலை நீட்டிக்கொண்டு நின்றார். "நம்ம ஊட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்று முனகிக்கொண்டே தடுப்புக்குப் பின்னால் போனார்.

கடைசியில் நான். தடுப்புக்குப் பின்னால் மூன்று பக்கமும் அட்டை. வெளிச்சம் குறைவு. வெளியே இருக்கும் வெயில், ரயில், ஊர் எதுவும் அங்கே வராது. அந்தக் கொஞ்ச இடத்தில் நிற்கும்போது எனக்கு எப்போதும் மாதா கோவிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மண்டியிட்ட ஞாபகம் வரும். வரிசையாகப் பெயர்கள், படங்கள், சின்னங்கள். யாருக்குப் போடுவது என்று நான் வெகு நாள் முன்பே முடிவு பண்ணியிருந்தேன். பேப்பர் படித்து, வீட்டில் சண்டை போட்டு எடுத்த முடிவு.

விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. போய் நின்றது.

நாங்கள் எல்லோரும் ஒரே சின்னத்தில் போட்டிருந்தால்? அப்போது பொன்னுத்தாயி ஓட்டும் அதே சின்னம்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஓட்டு கலந்தால்தான் அவளுடையது மறையும். கலக்க வேண்டுமென்றால் யாராவது வேறு பக்கம் போட வேண்டும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று வெளியே போய்க் கேட்க முடியுமா? கேட்டால் பிறகு நான் என்ன பிரிசைடிங் ஆபீசர்?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மெஷினில் கீழ் வரிசைகளில் யாரென்றே தெரியாத பெயர்கள் இருந்தன. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான், அவர்களும் மனுப் போட்டுச் சின்னம் வாங்கி நிற்கிறார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. நான் நினைத்து வந்த பொத்தானை அழுத்தவில்லை. எதை அழுத்தினேன் என்பதை இப்போதும் எழுத மாட்டேன். மெஷின் கத்தியது. எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உடம்பு லேசாக இருந்தது.

வெளியே வந்தபோது பொன்னுத்தாயி எழுந்து நின்றாள். நனைந்த கொசுவத்தை உதறிச் சரிசெய்துகொண்டு வெயிலுக்குள் போனாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை மூடி, மொத்தம் ஐந்து என்று சொன்னேன். "அஞ்சா! பரவாயில்லையே" என்றார் ஜோனல் ஆபீசர். அவருக்கு அதுவே சந்தோஷம்.

6. எண்ணிக்கை நாள்

ஓட்டு எண்ணும் வேலைக்கும் என்னைப் போட்டிருந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரி. பெரிய ஹால், வரிசையாக மேஜைகள், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஏஜெண்டுகள். எந்த மெஷின் எந்த மேஜைக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. அந்த ஊர் மெஷின் எனக்குப் பக்கத்து மேஜைக்குப் போனது. வலைக்கு அந்தப் பக்கம் முத்தையாவைப் பார்த்ததும்தான் எனக்கு அதுவே தெரிந்தது. சலவைச் சட்டை, கழுத்தில் ஏஜெண்ட் கார்டு. பக்கத்தில் வேறு கட்சிக் கார்டோடு ஒரு இளைஞர். "தள்ளி நில்லுங்க மாப்ள" என்று முத்தையா சொன்னதில் அவர்தான் பொன்னுத்தாயியின் மருமகன் என்று புரிந்தது.

என் மேஜை மெஷினை எண்ணுவதா, பக்கத்து மேஜையைக் கேட்பதா? கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

"மொத்தம் அஞ்சு" என்றார் அந்த மேஜை சூப்பர்வைசர்.

"அஞ்சா?" முத்தையா வலையைப் பிடித்தார். "ஒண்ணுதான சார் போச்சு? நான் கண்ணால பாத்தேன்."

"டியூட்டி பாத்தவங்களும் போட்டிருப்பாங்க. இ.டி.சி. இருக்குல்ல" என்றார் சூப்பர்வைசர்.

முத்தையாவின் கண் ஹாலுக்குள் என்னைத் தேடிப் பிடித்தது. நான் என் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் எல்லாம் வீண்.

ஒவ்வொரு வேட்பாளராக வாசித்தார்கள். முத்தையாவின் கட்சிக்கு ஒன்று. அவர் முகம் மலர்ந்தது. மருமகனின் முகம் சுருங்கியது. அடுத்தவருக்குச் சைபர். அதற்கடுத்து மருமகனின் கட்சி. ஒன்று. சுருங்கிய முகம் நிமிர்ந்தது. மூன்றாவது பெரிய கட்சிக்கு ஒன்று. பிறகு வரிசையாகச் சைபர்கள். யாருமே பெயர் கேள்விப்படாத ஒரு சுயேச்சைக்கு ஒன்று. கடைசியில் நோட்டாவுக்கு ஒன்று.

"மாமா, அத்த ஓட்டு எங்களுக்குத்தான்" என்றார் மருமகன்.

"போய்யா. என் தங்கச்சி என்னய விட்டுக்குடுக்க மாட்டா. அந்த ஒண்ணு எவனோ ஆபீசர் போட்டது."

"ஒங்களுக்கு விழுந்ததுதான் மாமா ஆபீசர் போட்டது."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அடுத்த மெஷினைப் பார்க்க நகர்ந்தார்கள். தண்ணீர் நிற்காது. மகள் கண் கலங்காது. அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்கும் தெரியாது. அந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம்.

அன்றைக்குத் தொகுதியில் ஜெயித்தவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். வீட்டுக்கு வந்தால் டி.வி.யில் மாநிலம் மாநிலமாக நிறம் பூசிய வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. யார் எங்கே பிடித்தார்கள், யார் எங்கே விட்டார்கள் என்று இரைச்சல். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஐந்து ஓட்டு, ஐந்து இடம் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டியூட்டியைக் கேன்சல் பண்ண வழி கேட்கும் பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஓட்டின் ரகசியத்தை மெஷின் காக்கும், அட்டைத் தடுப்பு காக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். கூட ஓட்டுப் போடுகிற மனிதர்கள் இல்லாவிட்டால் இரண்டாலும் முடியாது. ஒருத்தி தனியாக வந்து நின்றால், அவளோடு சேர்ந்து நிற்க நாலு பேர் வேண்டும். அதனால் போங்கள். இ.டி.சி.யை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் சகாயராணி போன் பண்ணினாள். நம் பூத் என்ன ஆச்சு என்று கேட்டாள். பொன்னுத்தாயிக்கு ஒன்றும் ஆகாது, ஐந்து ஓட்டும் ஐந்து பக்கம் விழுந்திருக்கிறது என்று சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நீங்களும் மாத்தித்தான் போட்டீங்களா மேடம்?"